இயந்திரம் இரங்குமோ?

நாம் பணிபுரியும் அலுவலகத்தில் ஒரு ஜனவரி மாத இறுதியில் சிறு சொற்போர் ஒன்று நிகழ்ந்தது. டெல்லி விஜய் சௌக்கில் ஆண்டுதோறும் அம்மாதம் 29ஆம் நாள் மாலை நடைபெறும் பாசறை திரும்பும் விழாவின் ஒத்திகைக்காகச் சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன. பேருந்துக்குக் காத்து நின்று கால் கடுத்துத் தாமதமாக வந்து சேர்ந்த நண்பர் ஒருவர், உணவுப் பாத்திரத்தைத் திறந்தவாறே, “நாலு பாட்டு வாசிக்க இத்தனை பேரா? நல்ல ஒலிப்பதிவு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டால் ஆகாதா?” என்று கேட்டார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். “நியாயந்தானே” என்றார் ஒருவர். “செலவும் மிச்சம்” என்றார் கணக்குப் பிரிவைச் சேர்ந்த மற்றொருவர்.

நாம் அன்று மறுமொழி கூறவில்லை. உணவு வேளையோ அரை மணி, மறுமொழியோ நெடியது. ஆயினும் அக்கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குரிய விடையை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

நண்பர் விளையாட்டாகக் கேட்டதை ஒரு வல்லரசு மெய்யாகவே செய்து பார்த்திருக்கின்றது. அமெரிக்க நாட்டில் மறைந்த படைவீரரின் கல்லறையருகே, ஊதுவதுபோல் நடிப்பதற்கென்றே ஓர் இயந்திரத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அது தவறு என்பது நம் துணிபு. வீரனுக்குச் செலுத்தும் இறுதி இசை வணக்கம் உயிருள்ள மனிதனின் மூச்சால் செலுத்தப்பட வேண்டும். அதற்கு உரியவர்கள் ஊர்தோறும் வாழும் சேமப்படை இசைஞர்கள். அவர்களை வளர்க்காமல் இயந்திரத்தை நாடுவது சிக்கனம் ஆகாது, மரியாதைக் குறைவே ஆகும். இம்மூன்றையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேமப்படை இசைஞர் யாவர்?

படை என்றவுடன் முழுநேரப் படை ஒன்றே நம் கண்முன் வந்து நிற்கும். ஆனால் பல நாடுகளில் மற்றொரு படையும் உண்டு. அதிலுள்ளவர் வாரநாட்களில் பள்ளியில் பாடம் நடத்துவார், வங்கியில் கணக்கெழுதுவார், நம்மைப்போல் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லாடுவார். விடுமுறை வந்தால் சீருடை அணிந்து பயிற்சிக்குச் செல்வார். நாடு அழைத்தால் போர்க்களத்துக்கும் செல்வார். இதனையே சேமப்படை என்றும், வழக்கில் ரிசர்வ் படை என்றும் கூறுகின்றோம்.

அமெரிக்காவில் நேஷனல் கார்டு எனவும் ரிசர்வ் எனவும் இது இருவகைப்படும். மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரங்களும் பயிற்சி என்பது அங்குள்ள பொது வழக்கம். பிரிட்டனில் 1908-இல் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்னும் பெயரில் உருவாகிப் பின்னர் டெரிட்டோரியல் ஆர்மி ஆகி, 2014 முதல் ஆர்மி ரிசர்வ் என வழங்கி வருகின்றது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டெரிட்டோரியல் ஆர்மி உண்டு. 1949 அக்டோபர் 9-ஆம் நாள் அதனை முறைப்படி தொடங்கி வைத்தவர் அந்நாளில் கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி அவர்கள் என்பது தமிழர் பலரும் மறந்துவிட்ட செய்தி.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் இத்தகைய படைகளுக்கெனத் தனிப் பாண்டு வாத்தியக் குழுக்கள் உள்ளன. கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் கோடைதோறும் காவல் மாற்று விழாவைச் சிறப்பிக்கும் இசைஞரில் பெரும்பாலோர் சேமப்படையினரே. மாணவர் பலரும் அவர்களுள் உண்டு. பிரிட்டனில் நவம்பர் மாதத்து நினைவு ஞாயிறன்று இலண்டன் நினைவுத்தூணின் முன்னர் முழுநேரப் பாண்டுகள் முழங்கும். தொலைக்காட்சி அதனைக் காட்டும். ஆனால் அதே நாளில் அந்நாட்டின் சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் போர் நினைவுச் சின்னங்கள் உள்ளனவே, அவற்றின் முன்னர் வாசிப்பவர் யார்? பல இடங்களில் அவ்வட்டாரத்துச் சேமப்படைப் பாண்டுக்காரர்கள்தாம். அந்தக் கல்லில் பொறித்த பெயர்களுள் அவர்தம் பாட்டனார் பெயரும் இருக்கலாம். உடன் படித்தவன் பெயரும் இருக்கலாம்.

இவ்விடத்தில்தான் சேமப்படை இசைஞரின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. தலைநகரத்துப் பாண்டு நாட்டுக்காக வாசிக்கின்றது. சேமப்படைப் பாண்டு ஊருக்காக வாசிக்கின்றது. இறந்தவன் நாட்டுக்காக இறந்தான் என்பது மெய்யே. ஆனால் அவன் இல்லாமையை நாள்தோறும் உணர்வது ஊரேயன்றோ? அந்த ஊரிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கொம்பை உதட்டில் வைக்கும்போதுதான் நினைவு நினைவாகின்றது.

இவர்கள் வெறும் அலங்காரத்துக்கு உரியவர்கள் என்று எண்ணுவோர் பழைய போர் வரலாறுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். முதல் உலகப் போரில் பிரிட்டானியப் படைப்பிரிவுகளின் பாண்டுக்காரர் பலர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் காயமுற்றோரைக் கட்டிலில் தூக்கிச் செல்லும் பணியில் இறங்கினர். அப்பணியில் உயிர் துறந்தோரும் உளர். தாம் தூக்கிச் சென்றவனுக்காக மறுநாள் தாமே இரங்கல் இசை வாசிக்க நேர்ந்தவர்களை அலங்காரப் பொருள்கள் என்று கூற நமக்கு நா எழவில்லை.

இருபத்து நான்கு சுரங்கள்

அமெரிக்கப் படைவீரரின் அடக்கத்தில் ஒலிப்பது ‘டாப்ஸ்’ என்னும் சிறு மெட்டு. பிரிட்டனிலும் நம் நாட்டிலும் ஒலிக்கும் ‘லாஸ்ட் போஸ்ட்’ போன்றே இதுவும் தொடக்கத்தில் இரங்கல் இசை அன்று. நாள் முடிந்தது, விளக்கை அணைத்து உறங்குங்கள் என்று பாசறைக்கு அறிவிக்கும் ஊதல் அது.

1862 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் வடபுலப் படை பாசறை இறங்கியிருந்தது. அங்குப் படைத்தலைவர் டேனியல் பட்டர்ஃபீல்டு, விளக்கணைக்கும் நேரத்துக்குரிய பழைய ஊதல் தமக்கு மனநிறைவு தராமையால், ஆலிவர் நார்ட்டன் என்ற இளம் ஊதுநரை அழைத்து, மெட்டைத் திருத்தி ஊதச் செய்தார். கேட்ட பிற பிரிவினரும் அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டனர். அதே காலத்தில் பீரங்கிப் படைத் தலைவர் ஜான் டிட்பால் தம் வீரன் ஒருவனை அடக்கம் செய்ய நேர்ந்தது. வழக்கப்படி மும்முறை துப்பாக்கி முழக்கினால், அருகிலிருந்த எதிரிப்படை போர் மூண்டதென்று எண்ணக்கூடும். ஆகவே துப்பாக்கிக்குப் பதிலாக இம்மெட்டை ஊதச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. உறங்குக என்று உயிருள்ளோருக்குச் சொன்ன ஊதல் இறந்தோருக்கும் உரியதாயிற்று. 1891-இல் படை விதிகளிலும் இடம் பெற்றது.

அம்மெட்டில் உள்ளவை இருபத்து நான்கு சுரங்களே. அவையும் நான்கு நிலைகளில் அடங்குவன. பியூகிள் என்னும் ஊதுகொம்பில் நாதசுரத்துக்குள்ளதுபோல் துளைகள் இல்லை; டிரம்பெட்டுக்குள்ளதுபோல் அழுத்தும் விசைகளும் இல்லை. சுரத்தை மாற்றுவன ஊதுபவரின் உதடும் மூச்சுமே. குளிர்காலத்துக் கல்லறைத் திடலில் பித்தளை குளிர்ந்து உதடு விறைக்கும்போது, மிகத் தேர்ந்தவரின் சுரமும் பிசகுவதுண்டு.

1963 நவம்பர் 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியின் அடக்கம் ஆர்லிங்டன் கல்லறைத் திடலில் நிகழ்ந்தபோது அதுவே நேர்ந்தது. அன்று ஊதியவர் இராணுவப் பாண்டின் சார்ஜண்டு கீத் கிளார்க். அவர் சேமப்படையினர் அல்லர். முழுநேரப் படையின் தலைசிறந்த கலைஞர். நெடுநேரம் குளிரில் நின்று, உலகமே பார்த்திருக்க ஊதிய அவருடைய ஆறாவது சுரம் உடைந்தது. அக்கலைஞர் உள்ளம் நொந்தார். ஆனால் கேட்டவர் பலர் அதனைப் பிழையாகக் கொள்ளவில்லை. கொம்பே விம்மியது என்று எண்ணினர். நாடு முழுதும் அடக்கி வைத்திருந்த அழுகை அந்த ஒரு சுரத்தில் வெளிப்பட்டதாகக் கருதினர். இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் நிறுத்துமாறு வேண்டுகின்றோம். இயந்திரத்தின் பெருமை பேசுவோருக்கு இதனைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

வாயில்லா வாத்தியம்

2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் போற்றத்தக்கது. தகுதியுடைய முன்னாள் படைவீரர் எவர் மறைந்தாலும், குடும்பத்தார் கேட்டுக்கொண்டால், சீருடை அணிந்த இருவரேனும் வந்து, நாட்டுக்கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் அளித்து, டாப்ஸ் ஒலிக்கச் செய்தல் வேண்டும் என்பது அச்சட்டம். தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் இதில் வேறுபாடு இல்லை. இந்த நல்ல எண்ணத்தை நாம் குறை கூறவில்லை.

ஆனால் எண்ணத்துக்கேற்ற ஏற்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியோர் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் முதுமையெய்தி நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோராக மறைந்துகொண்டிருந்தனர். படையில் இருந்த ஊதுநர்களோ சில நூற்றுவர். முற்காலத்தில் படைப்பிரிவுதோறும் ஊதுநர் இருந்தனர்; துயிலெழுப்பவும் உணவுக்கு அழைக்கவும் முன்னேறவும் பின்வாங்கவும் கொம்பொலியே கட்டளையாக விளங்கிற்று. கம்பியில்லாத் தந்தியும் வானொலியும் வந்தபின் அப்பணி போயிற்று. பணி போனபின் ஆளும் போயினர். எஞ்சியது சடங்கு ஒன்றே. சடங்குக்காக ஆள் வளர்க்க எவரும் முன்வரவில்லை.

ஆகவே சட்டம் வந்த புதிதில், ஊதுநர் இல்லாத இடங்களில் ஒலிப்பதிவுப் பெட்டியைப் புல்தரையில் வைத்து முடுக்கினர். அது பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்ற குறை எழுந்தது. 2003-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதற்கொரு தீர்வு கண்டது. பியூகிளின் வாய்க்குள் பொருந்தும்படியான சிறு மின்கருவி ஒன்று. அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் சில நொடிகள் கழித்து, ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட டாப்ஸ் ஒலிக்கும். அச்சில நொடிகள் எதற்கு? சீருடை அணிந்தவர் கொம்பை உயர்த்தி உதட்டில் பொருத்திக்கொள்வதற்கு! ஊதத் தெரிய வேண்டியதில்லை. ஊதுவதுபோல் நிற்கத் தெரிந்தால் போதும்.

உயிருள்ள ஊதுநர் கிடைக்காதபோது மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம் என்று விதி செய்தனர் என்பதையும் நேர்மை கருதிக் கூறிவிடுகின்றோம். ஆயினும் நாம் கேட்கின்றோம்: புல்தரையில் கிடந்த ஒலிப்பதிவுப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன? அந்தப் பெட்டி, ‘நான் பெட்டி, ஆள் கிடைக்கவில்லை, பொறுத்தருள்க’ என்று வெளிப்படையாக நின்றது. அதில் குறை உண்டு, பொய் இல்லை. இந்தக் கொம்போ பார்ப்போர் கண்ணை ஏய்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஊதாத ஒருவரை ஊதுவதாகக் காட்டுகின்றது. நாட்டுக்காக மெய்யாகவே உழைத்த ஒருவனுக்கு நாடு செய்யும் கடைசிச் செயல் ஒரு நடிப்பாகவா இருக்க வேண்டும்?

சீருடை அணிந்து நிற்கும் அவ்விளைஞனின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அவனும் படைவீரனே. நேர்மை படையின் முதற்பாடம் என்று கற்றவன். அவனைக் கணவனை இழந்த மூதாட்டியின் முன்னே நிறுத்தி, கன்னத்தை உப்பச் செய்து பாவனை காட்டச் சொல்வது அவனுக்கும் இழுக்கன்றோ?

மறுப்போர் கூற்றும் நம் மறுமொழியும்

நம்மை மறுப்போர் நான்கு கூற்றுகளை முன்வைப்பர்.

முதலாவது, ஆள் இல்லை என்பது. ஆள் இல்லாமையை நாம் மறுக்கவில்லை; ஆனால் அது இயற்கை விளைத்த பஞ்சம் அன்று, கவனியாமையால் விளைந்த பஞ்சம். சேமப்படையில் இசை தெரிந்தோர் உள்ளனர். நேஷனல் கார்டுக்கும் பாண்டுகள் உள்ளன. அமெரிக்கத் தரைப்படையினர்க்குரிய அடக்க மரியாதைகளில் பெரும்பகுதியை நிறைவேற்றுவோரே நேஷனல் கார்டினர்தாம். அவர்களுள் ஊதத் தெரிந்தோரின் எண்ணிக்கையைப் பெருக்குவதும், ஒரு நாள் ஊதியமும் வழிச்செலவும் அளிப்பதும் ஒரு பேரரசுக்கு இயலாத செயலா? அரசு செய்யத் தவறியதைத் தனி மனிதர் செய்து காட்டினர். சிகாகோ பகுதியைச் சேர்ந்த டாம் டே என்பவர் 2000-ஆம் ஆண்டு ‘பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்ற தொண்டமைப்பைத் தொடங்கினார். ஊதத் தெரிந்த பொதுமக்களை மாநிலந்தோறும் திரட்டி, கேட்டவர் வீட்டுத் துயருக்கு ஊதியமின்றி அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் அவ்வழைப்பை ஏற்று வந்தனர். ஆள் இல்லை என்று கூறியவர்கள் ஆளைத் தேடவில்லை என்பதே இதனால் பெறப்படும்.

இரண்டாவது, இயந்திரம் பிழை செய்யாது என்பது. ஆம், செய்யாது. கென்னடி அடக்கத்தில் அக்கருவி இருந்திருந்தால் இருபத்து நான்கு சுரமும் பழுதின்றி ஒலித்திருக்கும். ஒருவர் கண்ணும் கூடுதலாகக் கலங்கியிராது. பிழை செய்யக்கூடிய ஒருவன், பிழை நேருமோ என்ற அச்சத்தோடு, பிழையின்றிச் செய்ய முயல்வதே மரியாதை. தவறவே முடியாத பொருளால் யாருக்கும் மரியாதை செய்ய முடியாது. வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு அன்னை சமைத்த சோற்றில் உப்பு ஒரு கல் கூடலாம். அதற்காக உணவுவிடுதிப் பொட்டலத்தை வாழையிலையில் கொட்டி, ‘நானே சமைத்தேன்’ என்று பரிமாறுவாரா?

மூன்றாவது, குடும்பத்தாருக்கு ஆறுதல் கிடைத்தால் போதும், அது எப்படிக் கிடைத்தால் என்ன என்பது. உண்மை தெரிந்தால் குலையக்கூடிய ஆறுதல் ஆறுதலாகாது. அடக்கம் முடிந்தபின் அவ்வீட்டுப் பேரன் அந்த வீரனிடம் சென்று, ‘அண்ணா, எனக்கும் ஒருமுறை ஊதிக்காட்டு’ என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? பொத்தானை அழுத்துவானா?

நான்காவது, பணம். நம் கணக்குப் பிரிவு நண்பரின் கூற்றும் இதுவே. அமெரிக்கப் படைப் பாண்டுகளுக்கு 2015-இல் ஆன செலவு 43 கோடியே 70 இலட்சம் டாலர் என்ற கணக்கு வெளிவந்து, மறு ஆண்டு அந்நாட்டு மக்களவையில் வாதப்பொருளாயிற்று. தொகை பெரிதுதான். ஆனால் அந்நாட்டுப் பாதுகாப்புச் செலவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொல்லும் கருவிக்கு 999 பங்கு ஈந்தவர், கொல்லப்பட்டவனுக்காக இரங்கும் கருவிக்கு ஒரு பங்கு ஈயத் தயங்குவதை என்னென்பது! விருந்துகளிலும் வரவேற்புகளிலும் வாசிக்கும் பாண்டுகளைக் குறைக்க வேண்டுமாயின் குறைக்கட்டும்; அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அலுவலகங்களில் சிக்கனத்தின் கத்தி எங்கு விழும் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டு வருகின்றோம். மேலதிகாரியின் அறைக்குரிய திரைச்சீலையில் அது விழுவதில்லை. கடைநிலை ஊழியரின் குளிர்காலச் சட்டையில்தான் விழும். பாண்டுச் செலவைக் குறைக்கப் புகுவோரும் தலைநகரத்துப் பெரும்பாண்டை விட்டுவிட்டுச் சிற்றூர்ச் சேமப்படைப் பாண்டையே முதலில் தொடுவர் என்று நாம் அஞ்சுகின்றோம். குறைக்கத் தகுந்தவற்றில் கடைசியாக நிற்க வேண்டியது அதுவே.

ஈப்பர் நகரத்துத் தீயணைப்பாளர்

இவையெல்லாம் இலட்சியம் பேசுவோர் கூற்று. நடைமுறையில் பகுதிநேர இசைஞரை நம்பி ஒரு மரபைக் காக்க இயலுமா என்று கேட்போர் இருக்கலாம். அவர்களைப் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகருக்கு அழைத்துச் செல்கின்றோம்.

முதல் உலகப் போரில் அந்நகரைச் சுற்றி நிகழ்ந்த போர்களில் மடிந்து, கல்லறையும் அறியப்படாத 54,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்குள்ள மெனின் வாயில் என்னும் பெருவளைவில் பொறிக்கப்பட்டுள்ளன. அது 1927 ஜூலை 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்பெயர்களுள் நம் நாட்டு வீரர் பெயர்களும் உள்ளன. மறு ஆண்டில் ஊர் மக்கள் ஓர் உறுதி பூண்டனர். மாலை எட்டு மணியானால் வளைவின் கீழே போக்குவரத்து நிற்கும். ஊதுநர் நடுச்சாலையில் வந்து நின்று லாஸ்ட் போஸ்ட் ஊதுவர்.

அவர்கள் யார்? படையினர் அல்லர், ஊர்த் தீயணைப்புப் படையின் தொண்டர்கள். பகலில் தத்தம் தொழில் பார்ப்போர். எரியும் வீட்டுக்கு ஓடும் அதே கால்களால் மாலையில் வளைவுக்கு நடந்து வருவோர். 1940 மே மாதம் ஜெர்மானியர் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கே கொம்பொலி நின்றது. அக்காலத்தில் இங்கிலாந்தின் புரூக்வுட் படைக் கல்லறைத் திடலில் அது தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6-ஆம் நாள் போலந்துப் படையினர் ஈப்பர் நகரை மீட்டனர். நகரின் பிற பகுதிகளில் சண்டை ஓய்வதற்கு முன்பே, அன்று மாலையே அவ்வளைவின் கீழ் மீண்டும் கொம்பு ஒலித்தது. 2015 ஜூலை 9-ஆம் நாள் முப்பதாயிரமாவது முறையாக ஒலித்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோதும், பொதுமக்கள் வரக்கூடாதென்ற நிலையிலும் ஊதல் நிற்கவில்லை.

அம்மக்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமலா இருந்தது? நாள்தோறும் எட்டு மணிக்குத் தானே ஒலிக்கும்படி ஒரு பெட்டியை அந்த வளைவில் மாட்டிவிட எத்தனை நேரம் ஆகும்? அவர்கள் மாட்டவில்லை. மழையிலும் பனியிலும் ஒருவர் வந்து நிற்பதுதான் வணக்கம். ஒலி அவ்வணக்கத்தின் அடையாளம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நமக்கு இதில் என்ன?

அயல்நாட்டுக் கல்லறையில் எவன் ஊதினால் நமக்கென்ன என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் எவரேனும் எண்ணலாம். நமக்கும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் முன்னாள் படைவீரர் ஒருவர் காலமானார். தமிழ்நாட்டிலிருந்து இளமையில் படையில் சேர்ந்து, பின்னர் இந்நகரிலேயே தங்கிவிட்டவர். மூத்த மகன் இராணுவ வழக்கப்படி தந்தைக்கு விடை கொடுக்க விரும்பினான். எங்குக் கேட்பது, எவரைக் கேட்பது என்று அறிவதற்குள் பொழுது போயிற்று. சிதையருகே அவன் தன் கைப்பேசியில் லாஸ்ட் போஸ்ட் ஒலிப்பதிவை எடுத்து உயர்த்திப் பிடித்தான். நாம் அனைவரும் தலைகுனிந்து நின்றோம். பாதியில் இசை நின்று அழைப்புமணி ஒலித்தது. கடன் தரும் நிறுவனம் ஒன்றின் விளம்பர அழைப்பு. அவன் அதனைத் துண்டித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒலிக்கவிட்டான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எவருக்கும் துணிவில்லை. குற்றம் அவனுடையது அன்று. அக்கூட்டத்தில் ஒரு கொம்பை எடுத்து ஊதத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே, அந்த ஒப்பாரியையேனும் பாடத் தெரிந்த மூதாட்டி ஒருத்தி இல்லையே என்ற குறை நம் எல்லோருடையதும் ஆகும்.

வீரனுக்கு நடுகல் எடுத்த மரபினர் நாம். கல்லைக் காண்பது தொடங்கி நீராட்டி நாட்டுவது வரை படிப்படியாக வகுத்த தொல்காப்பியம், கல் நின்றவுடன் முடித்துவிடவில்லை. வாழ்த்து என்னும் துறையில் வந்தே முடிக்கின்றது. கல் வாய் பேசாது. வாழ்த்த ஒரு மனிதன் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். நம் ஊர்களில் சாவுக்குப் பறையடித்து உலகுக்கு அறிவித்தவனை நாம் எவ்வாறு நடத்தினோம்? அவன் இசை நமக்கு வேண்டியிருந்தது. அவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோம். அமெரிக்க அரசு இசைஞனைப் புறக்கணித்து இயந்திரத்தை நாடியதைப் பழிக்கும் நாம், இசைஞனை இழித்த நம் பழியையும் ஏற்றுக்கொண்டே பேச வேண்டும்.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, விழாக்களில் ஒலித்தட்டைக் கொண்டு அதனை இசைப்பதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடச் செய்ய வேண்டும் என்று கூறிற்று. அதன் நேரம் 55 விநாடி. ஒரு நிமிடங்கூட இல்லாத பாடலுக்கு ஆளைத் தேடுவானேன் என்று முணுமுணுத்தோரும் உண்டு. நாமோ அவ்வாணையை மனமார வரவேற்கின்றோம். வெளிமாநிலத்துத் தமிழர் விழாக்களில் எத்தனை முறை அந்த 55 விநாடியும் ஒலிபெருக்கியின் உள்ளிருந்து வந்தன! நாம் வாய்மூடி எழுந்து நின்றோம். நம் பிள்ளைகளும் அவ்வாறே நின்றனர். மொழி பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் நிற்க, வாழ்த்தியது ஒரு பெட்டி. இருபத்து நான்கு சுரத்துக்கு ஆளில்லை என்று கூறிய வல்லரசை எள்ளி நகையாட நமக்கு உரிமை உண்டா?

தமிழன்பர்களே, ஒருவகையில் நாமும் சேமப்படையினரே. வாரத்தில் ஐந்து நாள் பிறமொழியில் குறிப்பெழுதுகின்றோம். சந்தையில் பிறமொழியில் பேரம் பேசுகின்றோம். ஞாயிறு வந்தால் இச்சங்கத்தின் வாயிலில் நுழைந்து தமிழராகின்றோம். முழுநேரப் பணிக்கு ஊரில் உள்ளவர்கள் இருக்கின்றார்கள். ஆனால் அவர்கள் இல்லாத இடத்தில், நம் வீட்டு மணத்திலும் பிணத்திலும், நினைவு நாளிலும் விழாவிலும், தமிழின் சார்பில் எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாமே.

ஆகவே நாம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இனி நம் சங்க விழாக்களில் வாழ்த்துப் பாடலை நம் பிள்ளைகளே பாட வேண்டும். சுருதி விலகினாலும் விலகட்டும். முன்னாள் படைவீரராக நம்மிடையே வாழும் தமிழர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்து, அவர்கள் மறைந்தால் உரிய படை அலுவலகத்துக்கு உடனே செய்தி சேர்க்க இருவரை நியமிக்க வேண்டும். நம் இளைஞர்களுள் ஊதுவாத்தியம் பயில விரும்புவோர் ஒருவர் இருவருக்கேனும் சங்கம் பொருளுதவி செய்ய வேண்டும். பெருஞ்செலவு ஒன்றுமில்லை, ஆண்டு விழாப் பந்தலில் ஒரு வரிசை விளக்கைக் குறைத்தால் போதும்.

அலுவலக நண்பருக்கும் ஒரு சொல். சாலை அடைப்பால் தாங்கள் கால் கடுக்க நின்றதற்கு நாம் மெய்யாகவே வருந்துகின்றோம். ஆனால் அன்று அங்கே வாசித்தவர்களும் குளிரில் நின்றுகொண்டுதான் வாசித்தார்கள். அவ்வாறு நிற்பதற்கு ஒரு மனிதன் இருக்கும் வரையில்தான் இறந்தவனுக்கு ஒரு நாடு இருக்கின்றது என்பது நம் கருத்து.